ஈயம் வைக்காத இணைப்பு

2006-ஆம் வருடம், வைகாசி மாதம். புதுச்சேரி நகரத்துக்குள் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு வரவேற்பு நடந்த சாயங்காலம். மறுநாள் காலையில் முகூர்த்தம். மணமேடையில் சிரித்தபடி நிற்க வேண்டிய நேரத்தில், பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில், அன்று மதியம்தான் முதல் முறையாகப் பார்த்த ஒரு மனிதர் குந்தியிருந்தார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்பார்கள். உழவர்கரையில் எங்கள் தெருவில் வந்து 'சொல்தா வீடு' என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். பென்ஷன் வேலைக்காகவும் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வதற்காகவும் சில வருடங்களுக்கு ஒரு முறை பிரான்சுக்குப் போய், அங்கேயே குடியிருக்கும் என் அத்தை வீட்டில் தங்கிவிட்டு வருவார். என் கல்யாணம் நிச்சயமான பிறகும் அப்படித்தான் போனார். கல்யாணத்துக்கு நன்றாக முன்னதாகவே திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

போன இடத்தில் நெஞ்சு வலி. பரிசோதித்த டாக்டர்கள் இந்த நிலையில் விமானம் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அது எனக்குத் தாலி ஏறும் அதே நாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அம்மா அழுதாள். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பொழைச்சி வந்தா பேரப் புள்ளையத் தூக்கிக்கிறேன். பொழைக்காம போனா, எம் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சேன்னு நெனச்சிக்கினு போவணுமா?" என்று போனிலேயே அம்மாவை அடக்கிவிட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் எல்லாம் அப்பா ஏன் வரவில்லை என்ற கேள்விதான். ஆபரேஷன் என்றால், "அப்படியா?" என்று ஒரு இழுவை. பிறகு பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதாம், அந்தப் பிள்ளைகள் விடவில்லையாம். மாப்பிள்ளையின் தூரத்து உறவுப் பெண்மணி ஒருவர் இதைப் புடவைக் கடையில் வைத்து அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார். அன்று இரவு சாப்பாடு போடும்போது அம்மா என்னிடம் சொன்னாள்.

"ஒங்கப்பா பேசறத அந்த மண்டபத்துல இருக்கிற எல்லாரும் கேக்கணும். எனக்கு நகை வாணாம், சீரு வாணாம். அது ஒண்ணு செஞ்சி குடு."

அம்மா என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் பக்கத்திலேயே யு.பி.எஸ். தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை. நாள் முழுக்க என் கையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயன்தான் இருக்கும். வீட்டில் ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் ஒயர் செய்வது நான்தான். கடை ஒயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈயம் அரைகுறையாக ஒட்டியிருக்கும், எனக்குப் பிடிக்காது. ஈயம் வைத்துப் பற்றவைக்காத இணைப்பு ஓர் இணைப்பே இல்லை என்று நினைக்கிற ஆள் நான்.

அப்பா பேசும் போனை மண்டபத்தின் ஸ்பீக்கரோடு இணைக்க வேண்டும். போனின் ஸ்பீக்கரை மைக் முன்னால் பிடித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனியில் பரீட்சை செய்து பார்த்தேன். கீச்சென்று ஒரு கூச்சல், அதற்கு நடுவில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. போனை நேராக ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும் ஒயரைக் கடைத்தெருவில் கேட்டால் சிரித்தார்கள். அதனால் நானே செய்தேன். போனோடு வந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீயில், காதில் வைக்கும் இரண்டு குமிழ்களையும் வெட்டி எறிந்தேன். நாம் பேசுவதற்கான குட்டி மைக்கை மட்டும் விட்டுவைத்தேன், நாங்கள் பேசுவது அப்பாவுக்கும் கேட்க வேண்டுமே. வெட்டிய இடத்தில் நீளமான ஒயரைச் சேர்த்து, அதன் மறுமுனையில் ஆம்ப்ளிஃபயரில் சொருகும் பெரிய பின்னை வைத்தேன். ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒயர் தலைமுடி மாதிரி இருக்கும். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு. அதைச் சுட்டு எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். பொறுமையாகச் சுட்டு, பற்றவைத்து, டேப் சுற்றி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வரவேற்பு அன்று மதியமே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மைக்செட்காரர் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அரியாங்குப்பத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட்டாளி வேறொரு நிகழ்ச்சிக்குப் போயிருந்ததால் தனியாகவே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஒயரை நீட்டியதும் அவர் முகம் மாறியது.

"இன்னாமா இது? வூட்ல செஞ்சதா?"

"ஆமாண்ணே."

"அப்டின்னா வாணாம். போன மாசம் ஒருத்தரு இப்டித்தான் வூட்ல செஞ்ச ஒயர கொண்டாந்து சொருவனாரு. எனக்கு ஆம்ப்ளிஃபயரே படுத்துக்கிச்சி."

நான் வாதம் செய்யவில்லை. பின்னின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த இணைப்பை வெளிச்சத்தில் காட்டினேன். குனிந்து பார்த்தார். நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பத்த வெச்சிருக்க. எங்க கத்துக்குன?"

"கம்பெனில எனக்கு இதாண்ணே வேல."

அதன் பிறகு சொருக விட்டார். என் வருங்காலக் கணவரை மாடிப்படியிலிருந்து என் போனுக்குக் கூப்பிடச் சொல்லிச் சோதித்தோம். அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. சந்தோஷத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டது. மைக்செட்காரரின் ஒயர்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட ஈயம் இல்லை, எல்லாமே திருகு வைத்து முறுக்கியவை.

"உங்களுதுல ஈயமே வெக்கலியே அண்ணே?"

"வயக்காட்டு நடுவுல சாமி ஊர்வலம் போவும். ஒயரு அறுந்துக்கும். அயனு சூடாவற வரிக்கும் சாமி நிக்குமா? ஸ்க்ரூவ முறுக்கனா வேல முடிஞ்சிது."

"முறுக்கனது ஒரு நா அவுந்துக்கும்ல?"

"அவுந்தா திரும்ப முறுக்கறதுதான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அத்தை ஏழு மணிக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. அதற்கு மேல் அப்பாவை ஆபரேஷனுக்குத் தயார்படுத்துகிற பிரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். அங்கே போனுக்கு அனுமதி இல்லை. அதாவது, இந்த ஒரு அழைப்புதான். மறுநாள் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆறரை மணிக்கெல்லாம் மண்டபம் நிரம்பிவிட்டது. நாங்கள் மேடையேறி, பரிசு வாங்கி, போட்டோவுக்கு நின்று கொண்டிருந்தோம். வீடியோ எடுத்தவர் எங்களை முழுசாகப் படம் பிடிக்க வேண்டும் என்று பின்னாலேயே நகர்ந்தார். அவர் கால் நான் செய்த ஒயரில் மாட்டியது. தடுமாறி அவர் விழாமல் தப்பித்தார், ஒயர் தப்பிக்கவில்லை. போனும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் ஒரு பக்கம், நீள ஒயர் ஒரு பக்கம். குட்டி மைக்கை ஒட்டினாற்போல அறுந்து, நகக்கண் அளவுக்குத்தான் இழை மிச்சம் இருந்தது.

சால்டரிங் அயன் கம்பெனியுடையது. நான் லீவில் போகும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன், கம்பெனியும் அந்நேரம் பூட்டியிருக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு போய் வேறு எங்காவது வாங்கி வருகிறேன் என்று என் வருங்காலக் கணவர் கிளம்பப் பார்த்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஏழு மணி தாண்டிவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நின்றுவிட்டார். அம்மா கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டாள். அம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அந்த உறவுப் பெண்மணி.

நான் நேராக மேடைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மைக்செட்காரர் ஓடி வந்தார்.

"அயனு இருக்கா அண்ணே?" என்றேன்.

"எங்கிட்ட ஏது? முறுக்குவோம் வா."

"வெறுமன முறுக்கனா வராதுண்ணே. இழ மேல வார்னிஷ் இருக்கு. அத சுடணும்."

அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். தீப்பெட்டி இல்லை. சுற்றிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. போனையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு போய், அத்தனை பேர் பார்க்க, விளக்குச் சுடரில் அந்த இழைகளின் நுனியைக் காட்டினேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மணப்பெண் ஏதோ வேண்டுதல் செய்கிறாள் என்று சிலர் நினைத்தார்களாம், பிறகு சொன்னார்கள். பச்சையாக ஒரு பொறி எழுந்து அடங்கியது. கரியைப் புடவைத் தலைப்பிலேயே துடைத்தேன். அந்தக் கறை இன்னமும் போகவில்லை.

திரும்ப வந்து நீள ஒயரின் தோலைப் பல்லால் உரித்தேன். அவர் இழைகளைச் சேர்த்து முறுக்கி, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றினார். திருகு வைத்து முறுக்கிப் பழகிய கை, இவ்வளவு மெல்லிய இழையை அறுக்காமல் முறுக்கியது ஆச்சரியம்தான். என் வருங்காலக் கணவர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். "ஹலோ" என்று ஸ்பீக்கரில் வந்தது. உடனே நின்றுவிட்டது. மைக்செட்காரர் இணைப்பை விரலால் அழுத்தினார், வந்தது. விரலை எடுத்தார், போய்விட்டது. டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினார். குச்சி வைத்துக் கட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்த இழை அவ்வளவு குட்டை, எதற்கும் நிற்கவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வைத்து ஒரு கோணத்தில் அழுத்திப் பிடித்தால் மட்டும் குரல் தெளிவாக வந்தது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பிரான்ஸ் நம்பர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"வுடு. நா புடிச்சிக்கறேன். நீ போயி ஒக்காரு."

மேடையில் எங்களுக்காகப் போட்டிருந்த பெரிய சிம்மாசன நாற்காலிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். நாற்காலியின் முதுகு அவரை முழுக்க மறைத்துவிட்டது. என் வருங்காலக் கணவரிடம், "மாப்ள, நீங்க கீழ போயி ஆம்ப்ளிஃபயருல அந்த ரெண்டாவது குமிழ மட்டும் பாத்துக்குங்க. கீச்சுனு வந்தா கொறைங்க," என்றார். அப்புறம்தான் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அந்தக் காலத்துப் போன்கள் ஸ்பீக்கர் ஒயருக்குப் பக்கத்தில் இருந்தால் டிடிக் டிடிக் என்று ஓர் இரைச்சல் வரும், நினைவிருக்கிறதா? எங்கள் போனே லேசாக இரைந்துகொண்டிருந்தது. இன்னொரு போன் பக்கத்தில் அடித்தால் அப்பாவின் குரல் அதில் முழுகிப்போகும். அவர் தன் போனை ஒரு கணம் பார்த்தார். பிறகு அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு கணம் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன்.

முதலில் அத்தை குரல். பிறகு ஏதோ உருளும் சத்தம். பிறகு அப்பா.

"எல்லாருக்கும் வணக்கங்க."

மண்டபம் அப்படியே அடங்கியது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் கை கழுவாமல் வந்து வாசலில் நின்றார்கள். அப்பா மெதுவாக, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். தெருவில் யாரோடோ பேசுவது போலத்தான் பேசினார்.

"சம்பந்தி, என்ன மன்னிச்சிக்கணும். பொண்ணக் கையப் புடிச்சி குடுக்க வேண்டியவன் இங்க கட்டில்ல கெடக்கறேன். நாளைக்கி காலையில எனக்கு நெஞ்ச தொறக்கப் போறாங்க. அதனாலதான் வர முடியில. எம் பொண்ணு நல்ல பொண்ணு. கோவம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, அது எங்கிட்டருந்து வந்தது, அவ தப்பு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. பின்னால் லேசாக அசைவு கேட்டது. குரல் திரும்ப வந்துவிட்டது.

அப்பா, வந்திருந்தவர்களில் தனக்கு நினைவு வந்தவர்களை எல்லாம் உறவு சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார். தன் அண்ணனிடம், பந்தியில் முன்னால் நின்று கவனித்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் தெருக்காரர்களிடம், வேன் வசதியாக இருந்ததா என்று கேட்டார். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அங்கிருந்தே "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கத்தினார். ஒரு நர்ஸ் அம்மாள் பிரெஞ்சில் ஏதோ சொல்வது மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பா அவரிடம், "அன் மொமான் மதாம், மா ஃபீய், மரியாஜ்," என்றார். ஒரு நிமிஷம் அம்மா, என் பொண்ணுக்குக் கல்யாணம். அந்த நர்ஸ் என்ன நினைத்தாரோ, அதற்குப் பிறகு குறுக்கிடவே இல்லை.

எனக்கோ ஒரு காது அப்பா மேல், ஒரு காது நாற்காலிக்குப் பின்னால். ஒரு தடவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். மைக்செட்காரர் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, பிடித்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தார். முழங்கை நடுங்கியது. நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும், 'நீ அந்தப் பக்கம் பாரு' என்பது போலத் தலையை ஆட்டினார்.

கடைசியாக அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மேடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"சாப்ட்டியா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான் கேட்டார். அம்மா அன்று காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. அது இத்தனை தூரத்திலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முதல் வரிசையில் அந்த உறவுப் பெண்மணியும் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

"சாப்புடு. நான் வந்துடுவேன். பாப்பா, நீயும் அழுவாத, போட்டோ நல்லா வராது. வெச்சிடறேன்."

போன் அடங்கியது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு மண்டபமே தட்டியது. நான் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் ஓடினேன். மைக்செட்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கால்களைப் பிசைந்துகொண்டிருந்தார். விரல்கள் இரண்டும் மடங்கியபடியே இருந்தன, நிமிரவில்லை. அம்மாவும் வந்துவிட்டாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்து, சின்னக் குழந்தைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்துவிட்டாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வுடுங்கம்மா, ஒண்ணும் இல்ல," என்று எழுந்தவர், முதல் வேலையாகத் தன் போனைத் திரும்ப ஆன் செய்தார். போட்ட மாத்திரத்தில் அது அடித்தது. ஸ்பீக்கர்கள் எல்லாம் டிடிக் டிடிக் என்று இரைந்தன. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒயர்களைத் தாண்டித் தாண்டி வாசல் பக்கம் ஓடினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னாப்பா ஆச்சி?" என்று அம்மா பதறினாள்.

"பொண்ணு பொறந்துருக்கும்மா."

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் மனைவிக்கு அடுத்த வாரம்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தார்களாம். அன்று மதியம், அவர் எங்கள் மண்டபத்தில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தபோது வலி எடுத்திருக்கிறது. மாமியார் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தலைப்பிரசவம். எந்த நேரமும் போன் வரலாம் என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். அந்தப் போனைத்தான் என் அப்பாவுக்காக அணைத்துப் பையில் போட்டார். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த நேரத்தில், அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏம்ப்பா, இத ஒரு வார்த்த சொல்லக் கூடாது? பொண்டாட்டி வலில கெடக்கறா, நீ இங்க ஒயரப் புடிச்சிக்கினு..."

"சொன்னா நீங்க போடான்னு தொரத்திருப்பீங்க. நா போயிட்டா அத யாரும்மா புடிக்கறது?"

அம்மா சீர்த்தட்டில் இருந்த பழம், பூ, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் திணித்தாள். அவர் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் திரும்பிப் பார்த்தார். இதை எல்லாம் இறக்காமல் எப்படிப் போவது என்று தயங்கினார்.

"அண்ணே, நீங்க கெளம்புங்க. பாட்ட நாங்க பாத்துக்கறோம். கடைசில எல்லாத்தையும் நாங்களே எறக்கி வெச்சிடறோம்," என்றார் என் வருங்காலக் கணவர். சொன்னவர் அதோடு நிற்கவில்லை. வாசலில் எங்களுக்காக ரோஜாவும் சம்பங்கியும் வைத்து அலங்கரித்த கார் நின்றிருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு, அதிலேயே அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவரச் சொன்னார். வியர்வையில் நனைந்த சட்டையோடு, மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு, கல்யாணக் காரில் அவர் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஆஸ்பத்திரி வாசலில் காரைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைதான் வந்திருக்கிறார் என்று கூட்டம் கூடிவிட்டதாம்.

வரவேற்பு முடிந்ததும், நாங்கள் இரண்டு பேரும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவருடைய ஒயர்களைச் சுருட்டினோம். முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டு நான் நின்றதைப் போட்டோக்காரர் எடுத்திருக்கிறார். எங்கள் ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். அந்த உறவுப் பெண்மணி அதற்கு முன்பே அம்மாவைப் பந்திக்குக் கூட்டிப் போய், பக்கத்தில் உட்காரவைத்து, தானே பரிமாறியிருக்கிறார். இருவரும் பழையதைப் பற்றிப் பேசவில்லையாம். அம்மா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாள் தாலி ஏறி, எல்லாரும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்ட பிறகும் அத்தையிடமிருந்து போன் இல்லை. சாயங்காலம்தான் வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்ததா என்றுதான் கேட்டாராம். மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஊருக்கு வந்து சேர்ந்தார், உடம்பு பாதியாக இளைத்து. வந்த வாரமே, அரியாங்குப்பத்துக்கு என்னைக் கூட்டிப் போ என்றார். பாரீஸில் வாங்கிய ஒரு சின்ன கவுனைக் கையில் வைத்திருந்தார். மைக்செட்காரர் வீட்டில் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அப்பாவுக்குப் பேச வரவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கப் பேசிய மனிதர், அந்தச் சின்னக் கூடத்தில் குழந்தையின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மைக்செட்காரரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அன்னிக்கி வந்ததும் ஒங்க வூட்டுக் கததான் சொன்னாரு. எனக்கு வலியே மறந்துடுச்சி," என்று சொன்னபோது, அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் எங்கே பார்த்தாலும், உன் அப்பா பிரான்சிலிருந்து பேசினாரே என்று இன்னமும் சொல்வார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் இருந்தது அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால், வாழ்க்கையில் ஒரு நல்லது சிரமமே இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்ததாக நினைக்கத் தோன்றும்போதெல்லாம், அது வந்த வழியில் எனக்குத் தெரியாமல் யார் கைவலி பொறுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ என்று ஒரு நிமிஷம் நின்று, அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.